பீல்டு மார்ஷல் வில்லியம் ஸ்லிம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மா போரைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் ஸ்லிம் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். அவரைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில சுருக்கம். எது முக்கியம் என்று எனக்குப் பட்டதோ அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றிருக்கிறேன்.

யார் இந்த ஸ்லிம்?

1942-ல் ஜப்பானியர்களிடம் தோற்று, பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே திரும்பிய படையின் தளபதி. மூன்றே ஆண்டுகளில் அதே ஜப்பானியப் படையைத் தோற்கடித்து ரங்கூன் வரை திரும்பிப் போனவர். பிறகு பிரிட்டனின் தரைப்படைத் தலைவர், ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல். 1891 ஆகஸ்ட் 6 அன்று பிரிஸ்டல் நகரில் பிறந்து, 1970 டிசம்பர் 14 அன்று லண்டனில் இறந்தார்.

பெரிய இடத்துப் பிள்ளையா?

இல்லை. அப்பா இரும்புச் சாமான் வியாபாரி. ஸ்லிம் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் அளவுக்கு வீட்டில் பணம் இல்லை. எனவே ஏழைகள் வாழ்ந்த பகுதி ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். அப்புறம் உலோகக் குழாய் செய்யும் கம்பெனியில் குமாஸ்தா.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஆவதற்குக் குடும்பச் சொத்து வேண்டும். சம்பளத்தை மட்டும் நம்பி ஒரு நல்ல ரெஜிமென்ட்டில் காலம் தள்ள முடியாது. ஸ்லிம் 1912-ல், தான் படிக்காத பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் அதிகாரிப் பயிற்சிப் பிரிவில் எப்படியோ இடம் பிடித்தார். 1914 ஆகஸ்டில் போர் வெடித்தது, அதிகாரிகள் உடனடியாகத் தேவைப்பட்டார்கள். அந்த மாதமே ராயல் வாரிக்ஷையர் ரெஜிமென்ட்டில் தற்காலிக செகண்ட் லெப்டினன்ட் ஆகிவிட்டார். போர் வரவில்லை என்றால் அவர் கடைசி வரை குமாஸ்தாவாகவே இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பிரிட்டிஷ்காரர், ஆனால் இந்திய ராணுவத்தில் இருந்தார் என்கிறார்களே, அது எப்படி?

அன்று இரண்டு ராணுவங்கள் தனித்தனியாக இருந்தன. ஒன்று பிரிட்டிஷ் ராணுவம். மற்றொன்று இந்திய ராணுவம்: சிப்பாய்கள் இந்தியர்களும் கூர்க்காக்களும், அதிகாரிகள் பெரும்பாலும் பிரிட்டிஷார். பின்னதில் சம்பளத்தை வைத்துக்கொண்டே வாழ முடியும் என்பதால் வசதியில்லாத அதிகாரிகள் அதை நாடினார்கள்.

ஸ்லிமுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1915 ஆகஸ்டில், துருக்கியில் நடந்த கலிப்போலிப் போரில் சாரி பைர் மலைமுகட்டில் 6-வது கூர்க்கா ரைஃபிள்ஸின் முதல் பட்டாலியன் சண்டையிடுவதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். அங்கேயே குண்டு பாய்ந்து பலத்த காயம். பிழைத்தெழுந்து மெசபொட்டேமியா (இன்றைய ஈராக்) போனார், அங்கே மறுபடியும் காயம், மிலிட்டரி கிராஸ் பதக்கம். போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி, அன்று மலையில் பார்த்த அதே கூர்க்கா பட்டாலியனிலேயே சேர்ந்தார். கூர்க்காக்களிடம் அவர்கள் மொழியிலும் இந்தியச் சிப்பாய்களிடம் உருதுவிலும் பேசுவார். பின்னாளில் பல மொழி பேசும் படை ஒன்றை நடத்த வேண்டி வந்தபோது இந்தப் பழக்கம் மிகவும் கைகொடுத்தது.

பதவி உயர்வு வேகமாக வந்ததா?

மிக மெதுவாக. லெப்டினன்ட் கர்னலாகி ஒரு பட்டாலியனின் தலைமைக்கு வந்தபோது வருடம் 1938, வயது 46. இடையில் குவெட்டா ஸ்டாஃப் கல்லூரியில் படிப்பு, டெல்லித் தலைமையகத்தில் வேலை, இங்கிலாந்தில் கேம்பர்லி ஸ்டாஃப் கல்லூரியில் ஆசிரியர். குடும்பச் செலவுக்குப் பணம் போதாமல் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார். புனைபெயர் ஆன்டனி மில்ஸ். தன் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வருவதுதான் அந்த ‘மில்ஸ்’.

அதற்குப் பிறகுதான் வேகம். 1939-ல் பிரிகேடியர், 1941-ல் மேஜர் ஜெனரல் பொறுப்பு, 1942-ல் லெப்டினன்ட் ஜெனரல் பொறுப்பு, 1945-ல் ஜெனரல், 1949 ஜனவரியில் பீல்டு மார்ஷல்.

முதல் பெரிய சண்டையிலேயே தோற்றாரா?

ஆமாம். 1940 நவம்பரில் சூடான் எல்லையிலிருந்த கல்லாபாத் கோட்டையை இத்தாலியர்களிடமிருந்து பிடிக்க ஸ்லிமின் 10-வது இந்திய பிரிகேட் அனுப்பப்பட்டது. கோட்டை கைக்கு வந்தது. ஆனால் பாறைகளிலும் கண்ணிவெடிகளிலும் சிக்கி டாங்கிகள் பல முடங்கின. இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டதும் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் கலைந்து பின்னால் ஓடியது. ஸ்லிம் கோட்டையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். எதிரிகளும் அந்த நேரத்தில் தளர்ந்துபோய்தான் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

இதை அவர் மறைக்கவில்லை. முன்னே போவதா, பின்வாங்குவதா என்ற இடத்தில் தன் பயங்களுக்குச் செவிசாய்த்துத் தவறான வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்று தானே எழுதி வைத்திருக்கிறார். பழியைக் கீழே இருப்பவர்கள் மேல் தள்ளிவிட அவருக்குச் சாக்குகள் நிறையவே இருந்தன. ஸ்லிமின் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான், பர்மா வெற்றியைப் படித்தபோது அல்ல.

அடுத்த சில மாதங்களில் எரித்ரியாவில் விமானத் தாக்குதலில் மறுபடி காயம். 1941-ல் 10-வது இந்திய டிவிஷனின் தலைமை ஏற்று ஈராக், சிரியா, ஈரான் என்று மூன்று நாடுகளில் படை நடத்தினார்.

1942 பின்வாங்கலில் உண்மையில் என்ன நடந்தது?

ஸ்லிம் பர்மா வந்து சேர்ந்தது மார்ச் மாதம். அதற்குள் ரங்கூன் விழுந்துவிட்டது. துறைமுகம் போனதால் கடல் வழியாக ஆளும் வராது, அரிசியும் வராது, குண்டும் வராது. அவரிடம் தரப்பட்ட இரண்டு டிவிஷன்களில் ஒன்றான 17-வது இந்திய டிவிஷன், சிட்டாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டபோது பெரும்பகுதி அக்கரையில் மாட்டிக்கொண்டு ஏற்கெனவே சிதைந்திருந்தது. ஜப்பானியர்கள் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கி, சுற்றி வந்து பின்னால் சாலையை அடைப்பார்கள். இந்தப் படை லாரியை நம்பியிருந்தது, லாரி சாலையை நம்பியிருந்தது. திரும்பத் திரும்ப அதே பொறியில் விழுந்தார்கள்.

ஏப்ரலில் யேனாங்யாவுங் எண்ணெய் வயல்களை எதிரிக்குக் கிடைக்காதபடி கொளுத்தச் சொன்னார். அங்கே பர்மா டிவிஷன் வளைக்கப்பட்டு, சித்திரை வெயிலில் தண்ணீரில்லாமல் தவித்தது. சுன் லி-ஜென் தலைமையிலான சீன 38-வது டிவிஷன் உதவிக்கு வராவிட்டால் அவர்கள் தப்பியிருப்பது கடினம். மே மாதம் சிண்ட்வின் ஆற்றைத் தாண்டும்போது பீரங்கிகளிலும் டாங்கிகளிலும் வண்டிகளிலும் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டு, சுமக்க முடிந்ததை மட்டும் சுமந்துகொண்டு மணிப்பூர் எல்லைக்கு நடந்தார்கள். மொத்தத்தில் சுமார் 900 மைல்.

கடைசிப் பிரிவுகள் இந்தியாவுக்குள் வருவதை ஸ்லிம் சாலையோரம் நின்று பார்த்தார். கிழிந்த துணி, எலும்பும் தோலுமான உடம்பு, மழை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் துப்பாக்கி இருந்தது, வரிசை குலையவில்லை. அவர்களுக்கு இம்பாலில் கூடாரம்கூடச் சரியாகத் தரப்படவில்லை. தோற்று வந்தவர்கள் என்ற ஏளனம்தான் கிடைத்தது. இந்த அவமானத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

தோற்ற படையை எப்படித் தேற்றினார்?

என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. 1943 அக்டோபரில் 14-வது ராணுவம் என்று பின்னர் பெயர் பெற்ற படை அவர் கைக்கு வந்தது. பின்னணிப் பிரிவுகளையும் சேர்த்தால் உச்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். பெரும்பான்மை இந்தியர்கள். கூர்க்காக்கள், பிரிட்டிஷார், கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

முதல் எதிரி ஜப்பானியர் இல்லை, மலேரியா. 1943-ல் காயம்பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால், நோயால் 120 பேர் அனுப்பப்பட்டார்கள். மலேரியா வந்தவரைப் பல நூறு மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அவர் திரும்பி வரவே மாதக்கணக்கில் ஆகும். அதனால் போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே கூடாரம் போட்டுச் சிகிச்சை தரும் பிரிவுகளை உருவாக்கினார்கள். சில வாரங்களில் ஆள் தன் படைக்குத் திரும்பிவிடுவார்.

அடுத்தது மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை. தினமும் ஒன்று. தோல் மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. சிப்பாய்கள் வாயில் போட்டுவிட்டுத் துப்பினார்கள். ஸ்லிம் என்ன செய்தார்? சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பிரிவுக்கு ஆள் அனுப்பி எல்லாருடைய ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவாக மாத்திரை சாப்பிட்டிருந்தால் தண்டனை சிப்பாய்க்குக் கிடையாது, அந்தப் பட்டாலியனின் கமாண்டருக்கு வேலை போகும். மூன்றே மூன்று பேரை நீக்கினார், மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1945-க்குள் நோய்வாய்ப்படுவோர் எண்ணிக்கை நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

சாப்பாட்டிலும் அப்படித்தான். முன்னணிப் பிரிவு எதற்காவது அரை ரேஷன் என்றால் தன் தலைமையகத்துக்கும் அரை ரேஷன் என்று உத்தரவு போட்டார். காலி வயிற்றோடு வேலை செய்யும் அலுவலக அதிகாரிகளுக்கு லாரி ஏன் தாமதம் என்ற கவலை தானாக வரும் அல்லவா!

சணல் பாராசூட் கதை உண்மையா?

உண்மைதான். சாலை இல்லாத காட்டில் படைக்கு விமானத்திலிருந்து சாமான் போட வேண்டும். அதற்குப் பட்டுப் பாராசூட் வேண்டும். ஐரோப்பாவுக்குப் போக மீதிதான் பர்மாவுக்கு, மீதி என்று எதுவும் இருக்காது. ஸ்லிமும் அவருடைய நிர்வாக அதிகாரி ஸ்னெல்லிங்கும் யோசித்தார்கள்: வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்? கல்கத்தா சணல் ஆலைக்காரர்களிடம் நேராகப் போய்க் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கோணித் துணியில் பாராசூட் தயார். ‘பாராஜூட்’ என்று பெயர். மனிதர் குதிக்க உதவாது, ஆனால் அரிசி மூட்டையும் குண்டுப் பெட்டியும் இறக்க ஏறக்குறையப் பட்டு அளவுக்கு நம்பகமானது. பட்டுப் பாராசூட்டின் விலை 20 பவுண்டுக்கு மேல், இதற்கு ஒரு பவுண்டுக்குச் சற்றுக் கூடுதல்.

முறையான வழியில் கேட்டு வாங்கவில்லை என்று மேலிடத்திலிருந்து அவருக்குக் கண்டனமும் வந்தது.

இம்பால், கோஹிமா போர்களில் அவர் செய்த தவறு என்ன?

1944 மார்ச்சில் ஜப்பானிய 15-வது ராணுவம் மணிப்பூருக்குள்ளும் நாகா மலைக்குள்ளும் நுழைந்தது. ஸ்லிமின் திட்டம் எளிமையானது. தன் படைகளை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொள்வது, மலையைத் தாண்டிக் களைத்து வரும் எதிரியை அங்கே வைத்து அடிப்பது. எதிரிக்குச் சோறு வரும் வழி நீளும், தனக்கு விமான தளமும் கிடங்கும் பக்கத்திலேயே இருக்கும்.

இரண்டு இடங்களில் கணக்குப் பிசகியது. எப்போது பின்வாங்குவது என்ற முடிவைக் கீழே இருப்பவர்களிடம் விட்டார். அது தாமதமாகி, பர்மாவின் திட்டிம் பகுதியில் இருந்த 17-வது டிவிஷன் வழியில் மறிக்கப்பட்டது. கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட் அளவு எதிரிதான் வர முடியும் என்று நினைத்தார், ஆனால் அதைவிடப் பெரிதான ஒரு முழு டிவிஷன் வந்தது. அங்கே சண்டையிடக்கூடிய ஆட்கள் சுமார் 1,500 பேர்தான் இருந்தார்கள். மாவட்டத் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். இடையில் எறிகுண்டு வீசும் தூரம்.

இரண்டு தவறுகளுக்கும் தானே பொறுப்பு என்று ஸ்லிம் எழுதினார். சமாளித்தது விமானத்தால். பர்மாவின் மேற்குக் கடலோரமான அரக்கானிலிருந்து 5-வது இந்திய டிவிஷனை ஆளோடும் பீரங்கியோடும் கோவேறு கழுதைகளோடும் வானில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். வளைக்கப்பட்ட இம்பாலில் இருந்தவர்களுக்கு எல்லாமே விமானத்தில் வந்தது. ஜூன் 22 அன்று இம்பால்–கோஹிமா சாலை மீண்டும் திறந்தது. ஜப்பானியத் தரப்பில் சுமார் 30,000 பேர் இறந்தார்கள். அதில் பட்டினியாலும் நோயாலும் போனவர்கள் மிக அதிகம். மழையில் திரும்பிப்போன அந்தப் பாதை பிணங்களால் நிறைந்திருந்தது.

அவருடைய மிகச் சிறந்த வேலை எது?

மெய்க்டிலா. 1945 தொடக்கத்தில் மாண்டலேக்கு வடக்கே ஒரு டிவிஷனை ஐராவதி ஆற்றைத் தாண்டவைத்து எதிரியின் கண்ணை அங்கே திருப்பினார். ஒரு முழு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) ரகசியமாகத் தெற்கே காட்டு வழியில் நகர்ந்தது. அது பழைய இடத்திலேயே இருப்பதுபோல் காட்ட, ஒரு போலித் தலைமையகம் வயர்லெஸ்ஸில் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. பிப்ரவரி நடுவில் அந்த கோர் ஆற்றைத் தாண்டியது. மார்ச் முதல் வாரத்தில், ஜப்பானியரின் கிடங்குகளும் விமான தளங்களும் இருந்த மெய்க்டிலா வீழ்ந்தது. மார்ச் 20-ல் மாண்டலே. மே முதல் வாரத்தில் ரங்கூன்.

வெற்றி பெற்ற பிறகு அவரை நீக்கினார்களாமே?

நீக்கப் பார்த்தார்கள். ரங்கூன் மீட்கப்பட்ட சில நாட்களிலேயே மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரை 14-வது ராணுவத்திலிருந்து எடுத்து, முக்கியத்துவம் குறைந்த வேறு பொறுப்பில் போடப் போவதாகச் சொன்னார். ஸ்லிம் சத்தம் போடவில்லை, அதற்குப் பதில் ஓய்வு பெற்றுக்கொள்கிறேன் என்றார். செய்தி கசிந்ததும் படை முழுக்கக் கொந்தளிப்பு, லண்டனில் கோபம். கடைசியில் பதவி போனது லீஸுக்கு, அந்த இடத்துக்கு வந்தது ஸ்லிம்.

இதே மாதிரி 1943-லும் நடந்தது. அப்போதைய மேலதிகாரி இர்வின், அரக்கான் தோல்விக்காக ஸ்லிமை அனுப்பிவிட முனைந்தார், இர்வினே போனார். இர்வின் பழைய எசெக்ஸ் ரெஜிமென்ட்காரர். கல்லாபாத்தில் கலைந்தோடியது எசெக்ஸ் பட்டாலியன், அதன் கமாண்டரை நீக்கியவர் ஸ்லிம். பகை எங்கே தொடங்கியது என்பது தெரிகிறது.

போருக்குப் பிறகு?

1948-ல் ஓய்வு பெற்று ரயில்வே நிர்வாகத்தில் சேர்ந்தார். சில மாதங்களில் பிரதமர் அட்லி திரும்ப அழைத்து, ராணுவத் தலைமைப் பதவியைக் கொடுத்தார். பதவியிலிருந்து போகும் மான்ட்கோமரி வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தும் அட்லி அசைந்து கொடுக்கவில்லை. இந்திய ராணுவத்திலிருந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் ஸ்லிம்தான். மலாயாவில் கிளர்ச்சி, கொரியாவில் போர் என்று நான்கு ஆண்டுகள் ஓடின.

1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல். ஆஸ்திரேலியர்களும் போரிட்ட கலிப்போலியில் காயம்பட்டவர் என்பதால் அங்கே அவருக்குத் தனி மரியாதை இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பிரிட்டனிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகள் வளர்ந்த ஃபேர்பிரிட்ஜ் பண்ணைப் பள்ளிக்கு அவர் வந்தபோது தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று அங்கே வளர்ந்த சிலர், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துக் குற்றம் சாட்டினார்கள். அவர் உயிரோடு இல்லாததால் அது நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவில்லை. கான்பெராவில் அவர் பெயரிலிருந்த சாலையின் பெயர் மாற்றப்பட்டது. அவரை மதிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாவிப் போவது சரியில்லை. அந்தக் குழந்தைகள் சொன்னதும் அவருடைய வரலாற்றில் சேர்ந்ததுதான்.

இந்தக் கதையில் தமிழர்கள் எங்கே?

மூன்று இடங்களில். ஒன்று, ஸ்லிமின் படையிலேயே. ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் பர்மாவில் சாலையும் பாலமும் போட்டார்கள். இரண்டு, எதிர்ப்பக்கத்தில். மலாயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்த ராணுவத்தை ஸ்லிம் தன் நூலில் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சரணடைய வருபவர்களிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்று தன் சிப்பாய்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது என்று மட்டும் எழுதுகிறார். போர்க்கள எடையில் அவர் கணக்குச் சரியாக இருக்கலாம். அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை அவர் பார்க்கவே இல்லை. பர்மாவைப் பற்றி அவ்வளவு நேர்மையாக எழுதியவரிடம் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

மூன்றாவது, சாலையில். 1942-ல் ஸ்லிமின் படை வந்த அதே தாமு வழியில்தான் பர்மாவிலிருந்த இந்தியர்கள், தமிழர்கள் உட்பட, பிள்ளை குட்டிகளோடு நடந்து வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். தாமுவுக்கு இந்தப் பக்கம் எல்லையில் இருப்பது மோரே. 1960-களில் பர்மாவை விட்டு அனுப்பப்பட்ட தமிழர்கள் சிலர் மறுபடி அங்கே போக முயன்று, எல்லையில் மறிக்கப்பட்டு மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு.

அவர் எழுதிய நூல் படிக்கத் தகுந்ததா?

கட்டாயம். 1956-ல் வந்த ‘டிஃபீட் இன்டு விக்டரி’. தளபதிகள் எழுதும் நினைவுக் குறிப்புகளில் தவறெல்லாம் அடுத்தவருடையதாக இருக்கும். இதில் ஆசிரியரின் தவறுகள் தேதி வாரியாக இருக்கின்றன. ஆங்கிலமும் எளிமையானது, கதை எழுதிப் பழகிய கை.

அவர் தொடர்பான இடங்களைப் பார்க்க முடியுமா?

லண்டனில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வெளியே, வைட்ஹால் சாலையில் 1990-ல் திறக்கப்பட்ட சிலை இருக்கிறது. 2011-ல் அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டனின் தலைசிறந்த தளபதியாக வெலிங்டனும் ஸ்லிமும் சேர்ந்து தேர்வானார்கள்.

நம்மால் எளிதில் போக முடிந்தது கோஹிமா. போர்க் கல்லறை மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது. நடுவே அந்த டென்னிஸ் மைதானத்தின் வெள்ளைக் கோடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். மேலே போனால், எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்கான நினைவகம், அவர்களின் பெயர்களோடு.